பாங்காக்–சியாங் மாய் 9-ஆம் எண் இரவு ரயில்: இருவராகப் போகிறவர்களுக்கு எந்தப் படுக்கை, என்ன விலை

மாலை 6.40-க்கு பாங்காக்கில் ஏறினால் காலை 7.15-க்கு சியாங் மாயில் இறங்கலாம். சுமார் 750 கிலோமீட்டர். தாய்லாந்து அரசு ரயில்வேயின் 9-ஆம் எண் ஸ்பெஷல் எக்ஸ்பிரஸ். இரண்டாம் வகுப்பு ஏசியில் மேல் படுக்கை 940 பாட் சுமார், கீழ்ப் படுக்கை 1,040 பாட் சுமார். ஆக இருவருக்கு 1,980 பாட். ஒரு பாட்டுக்கு இரண்டே முக்கால் ரூபாய் என்று போட்டால் ஐயாயிரத்து நானூற்றுச் சொச்சம். முதுகுப்பையோடு சிக்கனமாகச் சுற்றக் கிளம்பிவிட்டு ஒரு ராத்திரிக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான். கணக்கைப் பிறகு பார்க்கலாம், முதலில் ரயிலைப் பார்ப்போம்.

பெட்டிகள் சீனாவில் செய்தவை, 2016-இல் ஓடத் தொடங்கியவை. நம் ஊர் ஸ்லீப்பரில் சைடு லோயர், சைடு அப்பர் இருக்கிறதல்லவா, அதையே நடைபாதைக்கு இரண்டு பக்கமும் வரிசையாக வைத்துவிட்டால் இந்தப் பெட்டி. குறுக்கே நீட்டிய படுக்கையே கிடையாது, மிடில் பெர்த் தகராறும் கிடையாது. பெட்டிக்கு 40 பேர். ஆனால் சைடு லோயர் என்றதும் பயப்பட வேண்டாம். இதன் கீழ்ப் படுக்கை நல்ல அகலம், இரண்டு இருக்கையும் சேர்ந்த இடத்தில் முதுகை அறுக்கிற இடைவெளி இல்லை, மேலே மெத்தை போட்டுத்தான் தருவார்கள். ஒவ்வொரு படுக்கைக்கும் தனித் திரை, தனி விளக்கு, சார்ஜ் போட ஒரு பிளக். தட்டையான இரண்டு பின், மெல்லிய உருளை இரண்டு பின் இரண்டுமே பொருந்தும். நம் ஊர் பருத்த மூன்று பின் மட்டும் நுழையாது, அதனால் லேப்டாப் சார்ஜர் வைத்திருப்பவர்கள் அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது இவை படுக்கைகள் அல்ல, எதிரெதிரே இரண்டு இருக்கைகள். கீழ்ப் படுக்கைக்காரரும் மேல் படுக்கைக்காரரும் முகம் பார்த்து உட்கார்வார்கள், நடுவில் மேசை போட்டுக்கொள்ளலாம். ரயில் நகர்ந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் ஊழியர் வருவார். இருக்கைகளை இழுத்துச் சேர்ப்பார், சாவி போட்டு மேல் பலகையை இறக்குவார், மெத்தையை விரித்து வெள்ளை விரிப்பை நான்கு மூலையிலும் சொருகுவார், தலையணை வைப்பார், பிளாஸ்டிக் உறையில் அடைத்த போர்வையைக் கால்மாட்டில் போட்டுத் திரையைக் கொக்கியில் மாட்டுவார். ஒரு ஜோடிப் படுக்கைக்குச் சில நிமிடங்கள், அவ்வளவுதான். அந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பொழுதுபோக்கு. ஆனால் அவர் உங்கள் இடத்துக்கு வந்துவிட்டால் அதோடு உட்காருகிற நேரம் முடிந்தது, மேசையும் போய்விடும். சாப்பாட்டை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டுமென்றால் சைகையில் சொன்னாலே போதும், அடுத்த இடத்தை முடித்துவிட்டு வருவார்.

இப்போது முக்கியமான விஷயம், எந்தப் படுக்கை. கீழ்ப் படுக்கைக்கு 100 பாட் அதிகம் வாங்குவது சும்மா இல்லை. ஜன்னல் முழுக்க அதற்குத்தான். மேல் படுக்கைக்கு ஜன்னல் கிடையாது, அகலமும் குறைவு. ஏசிக் காற்று நேராக மேலேதான் அடிக்கும். நடைபாதை விளக்கை இரவு முழுக்க அணைப்பதில்லை, திரைக்கு மேலுள்ள இடைவெளி வழியாக வெளிச்சம் முகத்தில் விழும். ஆட்டமும் மேலேதான் கூடுதல். விழாமலிருக்கப் பட்டை கட்டியிருக்கிறார்கள், அதனால் பயமில்லை. கண்ணை மறைக்கும் துணி, காதுக்கு அடைப்பு, முழுக்கைச் சட்டை, காலுறை இருந்தால் மேல் படுக்கையில் தாராளமாகத் தூங்கலாம். இல்லையென்றால் விடிய விடியப் புரள வேண்டியதுதான். ஏசி குளிர் அப்படி. போர்வை ஒன்றுதான் தருவார்கள், அதுவும் மெலிசு.

அப்படியானால் இருவருமே கீழ்ப் படுக்கை போட்டால் என்ன என்று தோன்றும். நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. மொத்தச் செலவு 100 பாட்தான் கூடும். ஆனால் இருவருக்கும் எதிரே முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருப்பார், மேசையைப் பகிர வேண்டும், பேச வேண்டுமென்றால் நடைபாதையைத் தாண்டிப் பேச வேண்டும். திரையை இழுத்துவிட்டால் அவரவர் தனித்தனி. ஒரே ஜோடியில் கீழும் மேலும் எடுத்தால் அந்த மூலை முழுக்க உங்களுடையது. கீழ்ப் படுக்கையில் இருவரும் கால் நீட்டி உட்கார்ந்து திரையை மூடிக்கொண்டு பத்து மணி வரை பேசிக்கொண்டிருக்கலாம், தூக்கம் வந்ததும் ஒருவர் ஏறிக்கொள்ளலாம். பையும் கண் முன்னாலேயே இருக்கும். எங்கள் தேர்வு இதுதான். உயரம் மிக அதிகமானவர், முழங்கால் வலி உள்ளவர், ராத்திரி இரண்டு முறை எழுந்து போகிறவர் இருந்தால் மட்டும் இரண்டு கீழ்ப் படுக்கை.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. படத்தில் எது கீழ், எது மேல் என்று குழம்பினால் விலையைப் பாருங்கள், அதிகம் காட்டுவது கீழ். பெட்டியின் நடுப்பகுதியில் எடுங்கள். இரு முனைகளிலும் கழிவறை, கதவு, தண்ணீர்ச் சத்தம், போக வர இருப்பவர்களின் பேச்சு. மூன்றாவது, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமான பெட்டி ஒன்று உண்டு. மனைவிக்கு அதிலும் கணவனுக்கு வேறு பெட்டியிலும் போட்டுவிட்டுப் பிறகு மாற்றித் தரச் சொன்னால் நடக்காது. தோழிகள் இருவராகப் போனால் அதே பெட்டி நல்ல வசதி.

தாய்லாந்து ரயில்வேயின் சொந்தத் தளம் டி-டிக்கெட். இடைத்தரகுத் தளங்களும் உண்டு, டிக்கெட்டுக்கு மேல் சேவைக் கட்டணம் வைப்பார்கள். இருவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. சொந்தத் தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், எண் கேட்கும். பணம் கட்டுகிற இடத்தில்தான் நம்மவர்கள் மாட்டுவது. இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியே இருக்கும், வங்கிச் செயலியில் போய் முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டும். இடத்தைத் தேர்ந்தபின் தளம் கொடுக்கும் நேரம் குறைவு. அட்டை மறுக்கப்பட்டு, வங்கிச் செயலியைத் தேடி, ஓடிபி வந்து சேர்வதற்குள் அந்தப் படுக்கை கைவிட்டுப் போயிருக்கும். அட்டையைத் தயார் செய்துவிட்டுத்தான் இடத்தைத் தொடுங்கள். கிடைத்த பிடிஎஃப்பைப் போனிலேயே இறக்கி வையுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரையும், ஏப்ரல் நடுவில் தாய் புத்தாண்டான சோங்க்ரான் விடுமுறையிலும் கீழ்ப் படுக்கைகள் முதலில் தீரும். நவம்பரில் லோய் க்ரதோங் விளக்குத் திருவிழா வாரத்தில் இரண்டு நாள் முன்னால் தேடினால் தனித்தனிப் பெட்டியில் இரண்டு மேல் படுக்கை கிடைத்தாலே பெரிது. மார்ச்சில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. வயல் எரிப்பும் காட்டுத்தீயும் சேர்ந்து சியாங் மாய் முழுக்கப் புகை மண்டிக் கிடக்கும் காலம் அது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதத்தை விட்டுவிடுவதே நல்லது.

ஸ்டேஷன் விஷயத்தில் பழைய வழிகாட்டிகளை நம்பாதீர்கள். ஹுவா லம்போங்கிலிருந்து தொலைதூர ரயில்கள் கிளம்பியது 2023 ஜனவரி வரை. இப்போது க்ருங் தேப் அபிவத் மத்திய நிலையம், பாங் சூ பகுதியில். டாக்சிக்காரரிடம் வெறுமனே ரயில்வே ஸ்டேஷன் என்றால் பழையதற்குக் கொண்டுபோய் விடுகிற ஆபத்து இன்னும் இருக்கிறது. அப்படி நடந்தால் பதற வேண்டாம், இரண்டுமே எம்ஆர்டி என்கிற மெட்ரோவின் நீலத் தடத்தில்தான் இருக்கின்றன. ஹுவா லம்போங்கில் ஏறி பாங் சூவில் இறங்கலாம், அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். எப்படியானாலும் மாலை ஐந்து மணிக்குமேல் பாங்காக்கில் டாக்சி ஏறி ரயில் பிடிக்க நினைப்பது சூதாட்டம். காவோ சான் சாலைப் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு எம்ஆர்டி வாசலில் இல்லை, சனாம் சாய் அல்லது சாம் யோட் வரை வந்தாக வேண்டும். அவர்கள் நாலரைக்கே கிளம்புவது நல்லது.

நிலையம் பிரம்மாண்டம். உள்ளே நடக்கவே பத்து நிமிடம். கீழ்த்தளக் கூடத்தில் காத்திருக்க வேண்டும், நடைமேடை மேலே. ரயில் கிளம்புவதற்கு அரை மணிக்கு முன்னால்தான் வாசல் திறப்பார்கள். ஆறு மணிக்கு அங்கே இருந்தால் போதும்.

விமானம் தோன் முவாங்கில் இறங்குகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. சென்னையிலிருந்து மலிவு விமானங்கள் பலவும் அங்கேதான் வந்து சேர்கின்றன. விமான நிலையத்தை ஒட்டியே ரயில் நிலையம், நடைப்பாலத்தில் போய்விடலாம். வடக்கே போகும் ரயில் எல்லாம் அங்கே நிற்கும். மதியம் இறங்கினால் பாங்காக் ஊருக்குள் போகாமலே அன்றே சியாங் மாய்க்கு ஏறி, பாங்காக்கைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் ஹோட்டலும், போக வர டாக்சியும் மிச்சம். டிக்கெட்டைத் தோன் முவாங்கிலிருந்தே போடுங்கள். அங்கே ரயில் நிற்பது கொஞ்ச நேரம்தான், பெட்டி எண் எங்கே வரும் என்று ஊழியரிடம் கேட்டு அந்த இடத்தில் நின்றுகொள்ளுங்கள். விமானம் மூன்று மணிக்குமேல் இறங்குவதாக இருந்தால் இந்தத் துணிச்சல் வேண்டாம்.

சாப்பாடு. உணவுப் பெட்டி இருக்கிறது, விலைக்குத் தகுந்த ருசி இல்லை. முன்பே அடைத்துச் சூடாக்கித் தருகிற வகைதான் பெரும்பாலும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏதோ ஒன்று தேறும். சைவம் என்றால் வெளியிலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள். தாய்லாந்தில் காய்கறிச் சாதம் என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள், அவர்கள் கணக்கில் அது உப்பு மாதிரி. 'கின் ஜே' என்று சொன்னால் முட்டை, மீன் சாறு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் தருவார்கள்; மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துப் பலகை உள்ள கடைகள் அவை. மாங்காய்க்காலமாக இருந்தால் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஒட்டுச்சாதமும் ஒரு பொட்டலம், வாழைப்பழம், ரொட்டி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் இருந்தால் இருவருக்கு இரவும் காலையும் ஓடிவிடும். மீன் வாடை, துரியன் வாடை வேண்டாம். ஜன்னல் திறக்காத பெட்டி, நாற்பது பேர் சேர்ந்து சுவாசிக்க வேண்டும். மது 2014 முதல் ரயிலிலும் ஸ்டேஷனிலும் தடை. பையில் வைத்துக் குடித்தாலும் பிடித்தால் சிக்கல்.

கழிவறை ஏறும்போது சுத்தமாக இருக்கிறது, விடிகாலையில் அவ்வளவு சொல்ல முடியாது. காகிதம் பாதி வழியில் தீரும். கையில் ஒரு சின்ன பாட்டிலும் சோப்புத்தாளும் வைத்துக்கொண்டால் கவலையில்லை. பல் தேய்க்க ஐந்தரைக்கு எழுந்தால் வரிசை இல்லை, ஆறரைக்கு எழுந்தால் பெட்டியே அங்கே நிற்கும். இரண்டாம் வகுப்பில் குளிக்க வசதி கிடையாது.

பைக்கு எடை போடுவதில்லை. 45 லிட்டர் முதுகுப்பை இரண்டு இருந்தால் இடப்பிரச்சினை வராது, பெரிய சக்கரப் பெட்டிதான் நடைபாதையை அடைக்கும். பாஸ்போர்ட், பணம், போன் மூன்றையும் சின்னப் பையில் போட்டுத் தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் வையுங்கள். திருட்டு அடிக்கடி நடக்கிற ரயில் அல்ல இது, ஆனாலும் திரைக்குப் பூட்டு இல்லை.

தாமதம் உண்டு. அரை மணி, ஒரு மணி என்பது சாதாரணம். டென் சாயைத் தாண்டி வடக்கே மலையில் ஒற்றைத் தண்டவாளம், எதிரே வரும் ரயிலுக்கு இது ஒதுங்கி நிற்க வேண்டும்; ஓரிடத்தில் பிந்தினால் வழியெல்லாம் பிந்தும். மழைக்காலத்தில் இன்னும் கூடும். சியாங் மாயில் இறங்கிய கையோடு பாய் என்கிற மலையூருக்குப் போகிற வேனையோ, யானைக் காப்பகத்துக்கு எட்டு மணிக்கு வந்து அழைத்துப்போகும் வண்டியையோ பதிவு செய்யாதீர்கள். பதினோரு மணிக்குமேல் எது இருந்தாலும் சரி.

இந்த ரயிலின் ஒரு பெரிய குறையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாதையின் அழகெல்லாம் கடைசி இரண்டரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. லம்பாங்கைத் தாண்டியதும் காடு, மேடு, வளைவு, பிறகு குன் தான் சுரங்கம். 1907-இல் தோண்டத் தொடங்கி 1918-இல் முடித்தார்கள், நீளம் 1,352 மீட்டர். வேலையை நடத்திய ஜெர்மானியப் பொறியாளர் எமில் ஐசன்ஹோஃபருக்கு அங்கேயே நினைவிடம் இருக்கிறது. 9-ஆம் எண் ரயில் அதைக் கடப்பது காலை ஆறு மணி வாக்கில். டிசம்பர், ஜனவரியில் அங்கே சூரியன் உதிக்க ஆறேமுக்கால் ஆகும். ஆக, பெரும்பாலானவர்கள் போகிற பருவத்தில், கீழ்ப் படுக்கைக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய ஜன்னலில் தெரிவது உங்கள் முகம் மட்டும்தான்.

அதற்கு மாற்று 13-ஆம் எண் ரயில். இரவு 8.05-க்குக் கிளம்பி காலை 8.40-க்குச் சேரும். பெட்டிகள் பழையவை, சார்ஜ் போடப் படுக்கைக்கு ஒரு பிளக் என்கிற ஆடம்பரம் இல்லை, கழிவறையும் பழைய பாணி. படுக்கை வடிவம் ஒன்றுதான், கட்டணமும் கொஞ்சம் குறைவு. குன் தான் மலை முழுக்க வெளிச்சத்தில் வரும், பாங்காக்கில் மாலை நெரிசலும் தணிந்திருக்கும், எட்டரைக்கு இறங்கினால் விடுதிக்காரரும் விழித்திருப்பார். பவர்பேங்க் ஒன்று இருந்தால் குளிர்காலத்தில் 13-ஐயே எடுங்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை விடிவது சீக்கிரம், அப்போது 9. இரவு 10.30-க்குக் கிளம்பும் 51-ஆம் எண் நண்பகலுக்குமேல்தான் சேரும், ஒரு பகல் பாதி போய்விடும்.

முதல் வகுப்பு இருவர் அறை 9-ஆம் எண்ணில் இருவருக்கும் சேர்த்து 3,000 பாட்டைத் தாண்டுகிறது. கதவைப் பூட்டிக்கொள்ளலாம், கைகழுவத் தனித் தொட்டி, பெட்டிக்குப் பொதுவாகக் குளிக்கிற அறை. புதிதாகக் கல்யாணமானவர்கள் போவதென்றால் ஒன்றும் சொல்வதற்கில்லை. மற்றவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆயிரம் பாட்டில் சியாங் மாய் பழைய நகருக்குள் ஒரு நல்ல அறை ஒரு ராத்திரிக்குக் கிடைக்கும்.

கணக்குக்கு வருவோம். பஸ் மலிவு, பத்து மணி நேரத்தில் சேர்த்தும் விடும். ஆனால் படுக்கை இல்லை, விடியுமுன் நாலு மணிக்கு ஊருக்கு வெளியே ஆர்க்கேட் நிலையத்தில் இறக்கிவிட்டால் விடுதி திறக்கிறவரை பெஞ்ச்தான். மலிவு விமானத்தில் டிக்கெட் விலை ரயிலைவிடக் குறைவாகக்கூடக் கிடைக்கும். கையில் 7 கிலோ வரைதான் அனுமதி, பத்துப் பன்னிரண்டு கிலோ முதுகுப்பை இரண்டுக்கும் தனிக்காசு. அதோடு விமான நிலையம் போக வரச் செலவு, அன்றைய ராத்திரிக்கு அறை வாடகை. பாங்காக்கில் இருவருக்கான சிக்கன அறை 600, 700 பாட் என்று வைத்து இதையெல்லாம் கூட்டினால் ரயில் தோற்பதில்லை. ஒரு பகலும் மிச்சம். வெறும் கைப்பையோடு, இரண்டு மாதம் முன்பே திட்டமிட்டுப் போகிறவர்களுக்கு விமானம்தான் லாபம். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

சியாங் மாய் ஸ்டேஷனிலிருந்து பழைய நகரின் வாசலான தா ஃபே கேட் 3 கிலோமீட்டர் சுமார். சிவப்பு சோங்தேவ் வண்டிகள் வாசலிலேயே நிற்கும். ஊருக்குள் பகிர்ந்து போக 30 பாட் வழக்கம், ஸ்டேஷன் வாசலில் ஆளுக்கு அதைவிடக் கூட்டிச் சொல்வார்கள். ஏறுவதற்கு முன் விரலால் காட்டி விலை பேசிவிடுங்கள். கிராப், போல்ட் டாக்சிச் செயலிகளும் ஓடுகின்றன. இருவராக இருக்கும்போது சில நேரம் அது இன்னும் மலிவாக வரும். அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் தருவார்கள், பையை மட்டும் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். குளிக்க இடம் உண்டா என்று விடுதியில் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

திரும்பி வர 10-ஆம் எண், சியாங் மாயில் மாலை 6 மணி, பாங்காக்கில் காலை 6.50. கிளம்பி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே குன் தான் வந்துவிடும், கோடையில் அந்தி வெளிச்சம் மிச்சமிருக்கும். இருட்டுவதற்குள் படுக்கை போட வந்தால் ஜன்னல் பக்கம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பும் விமானம் அன்றைக்கே என்றால் மதியம் இரண்டு மணிக்கு முன்னால் கிளம்புவதாக இருக்கக் கூடாது. தோன் முவாங்கிலிருந்து விமானம் என்றால் பாங்காக் வரை போகாமல் அங்கேயே இறங்கிவிடலாம், ஆனால் அது கடைசி ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். ஆறு மணிக்கே எழுந்து பையைக் கட்டி வையுங்கள். இறங்குவதற்குக் கொடுக்கிற நேரம் ஏறுவதற்குக் கொடுத்ததைவிட அதிகமில்லை.